சோடாபுட்டி மல்லிகா படியிறங்கிய கதை

தேரிக்குடி குலசேகரி டாக்கீஸில் 'மல்லிகா மாறிட்டா' படம் போட்ட முதல் நாள் மேட்னியில், நாலாவது பாட்டு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, மல்லிகா தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றித் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வீசினாள், அது திரையைத் தாண்டி வெளியே வந்து, தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டிருந்த உப்பளக்காரர் ஒருவரின் மடியில் விழுந்தது. அவர் கடலைத் தோலை உதறிவிட்டு, கண்ணாடியை எடுத்து வேட்டி முனையில் துடைத்து, மூக்கில் மாட்டிப் பார்த்தார். "ஏ, இந்தப் பிள்ளைக்குக் கன்னத்துல மச்சம் இருக்குவே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, மீதிக் கடலையைத் தின்னத் தொடங்கினார்.

அது எப்படி வெளியே வந்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. விழுந்த கண்ணாடி யாருக்குச் சேரும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. மடியில் வாங்கியவருக்கா, எட்டிப் பிடித்தவருக்கா, டாக்கீஸ் முதலாளிக்கா என்று இடைவேளையில் ஆரம்பித்த பேச்சு டீக்கடை வரை போய், கோயில் கமிட்டி வரை போய், கடைசியில் டாக்கீஸ் முதலாளி சிவசுப்பு அண்ணாச்சியே ஒரு தீர்ப்புச் சொன்னார். யார் மேல் விழுகிறதோ அவருக்குத்தான். கண் நன்றாக உள்ளவர் மேல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட வேண்டும்.

படத்தின் கதை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஊர்நாட்டிலிருந்து பட்டணத்துக் காலேஜுக்குப் போகிற மல்லிகா எண்ணெய் வழிகிற ரெட்டைச் சடையும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக எல்லாரிடமும் கேலி வாங்குகிறாள், விடுதித் தோழிகள் ஒன்றுசேர்ந்து அவளை நாலாவது பாட்டில் குளிப்பாட்டி, முடியை வெட்டி, கண்ணாடியை வீச வைத்து, குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டி, மாடிப்படியில் இறக்கி விடுகிறார்கள், கீழே ரவி பூங்கொத்தோடு நிற்கிறான், பிறகு ஆண்டு விழா, பிறகு ஊரிலிருந்து வந்த அம்மாவின் சிரிப்பு, சுபம். அடுத்து என்ன வரும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் வந்தார்கள். பெரிய பெரிய படங்கள் வெள்ளிக்கிழமை வந்து வியாழக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு போக, மல்லிகா மட்டும் ஞாயிற்றுக்கிழமை மேட்னிதோறும் இருபது வருஷத்துக்கும் மேலாகப் படியிறங்கினாள். பரீட்சையில் தோற்றவர்கள் வந்தார்கள், மாமியாரோடு சண்டை போட்டவர்கள் வந்தார்கள், சாவு வீட்டுப் பதினாறு முடிந்த மறுவாரம் குடும்பத்தோடு வந்து மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்துவிட்டுப் போனார்கள். வெளியே உலகம் எக்கேடு கெட்டாலும் அந்தப் பிள்ளை ஒழுங்காகக் கீழே இறங்கிவிடும் என்ற ஒரு தைரியம் ஊருக்கு வேண்டியிருந்தது.

காட்சிக்கு ஒரு கண்ணாடி விழுந்தது, விழுந்த கண்ணாடி யார் மூக்கில் ஏறியதோ அவருக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. இப்படியே போய், உப்பளத்து மேஸ்திரி, பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், பஞ்சாயத்துத் தலைவர், பூசாரி, பாதிரியார், பஸ் டிரைவர் எல்லாரும் ஒரே தடித்த கறுப்புச் சட்டத்தில், வட்டமான கண்ணாடியில், திருதிருவென்று விழித்துக்கொண்டு திரிந்தார்கள். கிராமசபைக் கூட்டத்தைப் போட்டோ எடுத்த பத்திரிகைக்காரர் தன் கேமராவைத்தான் சந்தேகப்பட்டார். வெளியூரிலிருந்து மாப்பிள்ளை தேடி வந்தவர்களுக்கு அண்ணன் யார், தம்பி யார் என்று பிடிபடாமல், ஒருமுறை மாமனாருக்கே பூ மாலை விழ இருந்தது.

இந்த ஊரில் தங்க முலாம் பூசிய மெல்லிய சட்டம் போட்ட ஒரே மனிதர் ஏசுவடியான். அவர்தான் பஜாரில் 'பெத்சாயிதா ஆப்டிகல்ஸ்' வைத்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன வேண்டும். கடையில் கண்ணாடி வாங்க ஆளில்லை. மல்லிகா கண்ணாடியை வைத்துக்கொள்ளக் கூடு வாங்கினார்கள், கழுத்தில் தொங்கவிடக் கயிறு வாங்கினார்கள், கழன்ற திருகை அவரிடமே ஓசியில் முடுக்கிக்கொண்டு, "ஒரு நிமிச வேலைதானவே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் வருஷமே அவர் டாக்கீஸுக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

"நான் கண்ணாடியா விக்கேன்?" என்றார் சிவசுப்பு அண்ணாச்சி. "நான் படம் போடுதேன். அந்தப் பிள்ள வீசுது. நியாயம் கேக்கணும்னா நீரு அந்தப் பிள்ளட்டப் போய்க் கேளும்."

அன்றிலிருந்து ஏசுவடியான் குலசேகரி டாக்கீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் அவர் மனைவி கிருபாவதி ஒரு ஞாயிறு விடாமல் போனாள். காலையில் ஆராதனை, மத்தியானம் கறிச்சோறு, பிறகு மல்லிகா. கிருபாவதி போட்டிருந்தது மட்டும் புருஷன் கடைக் கண்ணாடி, அந்த அளவுக்கு அவள் விசுவாசமானவள்தான்.

ஏசுவடியானுக்கு அந்தப் படத்தின் மேல் இருந்த கடுப்புக்குக் கடை மட்டும் காரணம் இல்லை. சாயர்புரத்தில் அவர் பெண் பார்க்கப் போன அன்று, கிருபாவதியின் சித்தி, "கண்ணாடியோட போய் நின்னா டீச்சர்னு நெனச்சுப் பயந்துருவாவ, கழட்டு" என்று அவள் கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம், கண்ணாடிக்காரிகள் எல்லாரும் கண் தெரியாமல்தான் மாப்பிள்ளை பார்த்தார்கள். கிருபாவதி காப்பித் தட்டோடு வந்து முதல் தம்ளரை வீட்டுத் தூணுக்கு நீட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள், கல்யாணம் நிச்சயமானது. அதற்குப் பிறகு விருந்தாளி வரும்போதெல்லாம், சபை மக்கள் கூடும்போதெல்லாம், கிருபாவதி அதைச் சொல்லுவாள்.

"அன்னைக்கு மட்டும் நான் கண்ணாடி போட்டிருந்தா, இன்னேரம் நாரோயில்ல ஒரு பேங்க்காரன் வீட்டுல ஃபேனுக்கடியில உக்காந்திருப்பேன்."

ஏசுவடியானும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டுக் கடைக்குப் போய், திறந்த பெட்டியை மூட மறந்து உட்கார்ந்திருப்பார். அவள் தன்னைப் பார்த்துச் சரி என்று சொல்லவில்லை, மங்கலாகத் தெரிந்த ஏதோ ஒன்றுக்குத்தான் சரி சொன்னாள் என்ற நினைப்பு அவரை இத்தனை வருஷமும் அரித்தது. ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவர், தன் பெண்டாட்டியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பயந்தார். வேடிக்கைப் பேச்சை நிஜமாக்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லிகா மாடிப்படியில் கைப்பிடியைத் தடவித் தேடினாள். அடுத்த ஞாயிறு இரண்டாவது படியில் கால் இடறினாள், தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்று கையை நீட்டியது. அதற்கடுத்த வாரம் அவள் ரவிக்குப் பதிலாக அவன் பக்கத்திலிருந்த பூச்சாடியைப் பார்த்து வெட்கப்பட்டாள். பிரிண்ட் தேய்ந்துவிட்டது என்றார்கள் சிலர். ஆபரேட்டர் பால்துரைக்குக் கை நடுங்குகிறது என்றார்கள் சிலர். டாக்கீஸில் இனிமேல் சுருட்டுப் பிடிக்கக் கூடாது, புகையில் அந்தப் பிள்ளைக்குக் கண் எரிகிறது என்று கோயில் கமிட்டி தீர்மானம் போட்டது. பெண்கள் பக்கம் இருந்து, "பாத்து வா மக்கா, பாத்து வா" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

குரல் கொடுத்து என்ன பிரயோசனம்? மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லிகா கண்ணாடியை வீசினாள், குதிகால் செருப்பில் மாடிப்படி உச்சி வரை வந்தாள், ஒரு காலை முன்னே நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, உச்சிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரீல் ஓடியது, பாட்டு ஓடியது, பூங்கொத்தைப் பிடித்த கை வலித்து ரவி கையை மாற்றினான். ஆண்டு விழா வரவில்லை, அம்மா சிரிக்கவில்லை, சுபம் வரவில்லை. கரண்டைப் பிடுங்கித்தான் காட்சியை முடித்தார்கள்.

அந்த வாரம் தேரிக்குடி தேரிக்குடியாக இல்லை. சாதாரணமாகத் திங்கட்கிழமை தீர்ந்துபோகிற மாமியார் சண்டைகள் வியாழக்கிழமை வரை நீண்டன. ஹெட்மாஸ்டர் காரணமில்லாமல் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினார். அவரவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, கொடுத்துக் கொடுத்துத்தான் அந்தப் பிள்ளைக்குப் பார்வை போய்விட்டது. வெட்கப்பட்டுப் போன ஊர், அடுத்த ஞாயிறு கண்ணாடிகளைத் திரும்ப வீசியது. ஒன்றும் உள்ளே போகவில்லை. திரையில் பட்டுப் பட்டுக் கீழே குவிந்தன, ஒன்று மட்டும் ரவியின் முழங்கைக்குப் பக்கத்தில் திரையைக் கிழித்தது. இருபது வருஷமாக ஊர் மூக்கில் உட்கார்ந்து ஊரின் பவருக்குப் பழகிவிட்ட கண்ணாடி, அவளுக்கு எப்படிச் சேரும்? படம் விட்டதும் அவரவர் பொறுக்கியெடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை காலை சிவசுப்பு அண்ணாச்சி பெத்சாயிதா ஆப்டிகல்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வாழ்நாளில் அவர் ஒரு கடை வாசலில் செருப்பைக் கழற்றியது அங்கே மட்டும்தான்.

"தம்பி, அந்தப் பிள்ளக் கண்ண நீருதான் பாக்கணும்."

ஏசுவடியானுக்கு இந்த நாளுக்காகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் ஏராளம் இருந்தன. அந்தப் பிள்ளையிடமே போய்க் கேளும் என்பது அதில் முதலாவது. வாயைத் திறக்கும்போது, கடைக்குப் பின்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த கிருபாவதி கரண்டியோடு வந்து நின்றாள்.

"பாருங்க" என்றாள். "தடுமாறிக்கிட்டு ஒரு பிள்ள உச்சில உக்காந்திருக்கு. உங்க கோவத்தப் பெறவு வச்சுக்கிடலாம்."

அவர் தயங்கியது கோபத்தால் இல்லை. பார்வை வந்து, ரவியைத் தெளிவாகப் பார்த்துவிட்டு, மல்லிகா கீழே வராமல் போய்விட்டால்? ரவி ஒன்றும் பெரிய அழகன் இல்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட பெண் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை, தன் கையாலேயே, ஊர் முன்னால், பெண்டாட்டி பார்க்கப் பார்க்க நடத்திவைக்க வேண்டுமா என்று அவருக்கு இருந்தது. இருந்தாலும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு ஏசுவடியான் லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய சண்டைக்குப் பிறகு முதல்முறையாக அந்த டாக்கீஸின் படியேறினார். எழுத்து அட்டையைத் திரைக்கு எதிரே பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, டியூப் லைட் போட்டார்கள். அவர் ஆபரேட்டர் அறையில் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டார். சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை மாற்றி நிறுத்தச் சொல்லி அறிவிக்கிற மைக்கைப் பால்துரை அவர் வாய்க்கு நேரே பிடித்தார். நாலாவது பாட்டு வந்தது, மல்லிகா வந்தாள், உச்சிப்படியில் உட்கார்ந்தாள்.

"மேல பாரும்மா. எழுத்து தெரியுதா?" என்றார் ஏசுவடியான்.

மல்லிகா கண்ணைச் சுருக்கி டியூப் லைட் வெளிச்சத்தைத் தேடினாள். உதட்டைப் பிதுக்கினாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவள் குரல் கேட்கவில்லை, முன்வரிசைப் பெண்கள்தான் உதட்டசைவைப் பார்த்து மேலே கத்திச் சொன்னார்கள். "ஒண்ணும் தெரியலையாம்."

அவர் ஒரு லென்ஸை எடுத்து மெஷினிலிருந்து போகிற வெளிச்சத்தில் பிடித்தார். "இப்ப?" வேறொன்றை மாற்றினார். "முன்ன உள்ளது தெளிவா, இதா?" ஒவ்வொரு லென்ஸுக்கும் படம் கலங்கியது, சபையில் உள்ளவர்களுக்கு மாடிப்படி கஞ்சியாகக் கரைந்து தெரிந்தது, ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. "இதுதானாம்." "இல்லையாம், முன்ன உள்ளதாம்." "பெரிய எழுத்து ப-வாம்." "கீழ உள்ள வரிய படிக்குதா, ட, ம, வ, படிச்சிட்டா." இருபது வருஷமாகத் திருகு மட்டும் முடுக்கிய கை, அன்று அலுக்காமல் மாற்றி மாற்றிப் பிடித்தது. சின்ன வரிக்கு வந்தபோது ஏசுவடியான் தன் கடையையும் வழக்கையும் சுத்தமாக மறந்திருந்தார். மைனஸ் பதினொன்று பவர் லென்ஸில் மல்லிகா கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தாள்.

பிறகு அவள் கண்ணை இறக்கி முதலில் சபையைப் பார்த்தாள். வரிசை வரிசையாக, ஆணும் பெண்ணும் பாதிரியாரும் பூசாரியும், அவளுடைய பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஊருக்கு அது கேலியாகப் படவில்லை, சொந்தக்காரப் பிள்ளை சிரிக்கிற மாதிரி இருந்தது.

அதன் பிறகு அவள் ரவியைப் பார்த்தாள். அவன் கோட்டுத் தோள் இரண்டு விரல் தொங்கியது, இரவல் கோட்டு என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மூக்கோரம் ஒரு பரு இருந்தது. பூங்கொத்தை இவ்வளவு வருஷம் தலைகீழாகப் பிடித்திருந்தான். அவள் பார்க்கப் பார்க்க ரவிக்கு வேர்த்தது. அவன் பாட்டில் வாயசைக்க மறந்துவிட்டான், பாட்டு அவனை விட்டுவிட்டுத் தானாக ஓடியது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கிருபாவதியின் குரல் கேட்டது.

"நல்லாப் பாரு மக்கா. அவசரம் இல்ல. நல்லாப் பாத்துட்டுச் சொல்லு."

மல்லிகா எழுந்தாள். திரும்பினாள். மேலே போய்விட்டாள்.

ஏசுவடியானின் கை ஆடியது, கையோடு லென்ஸ் ஆடியது, மாடிப்படியும் பூச்சாடியும் ரவியும் சேர்ந்து ஆடினார்கள். தன் கல்யாணமே அந்தப் படியில் ஏறிப் போய்விட்டதுபோல அவருக்குப் பட்டது. "புடிங்க அண்ணே, விட்டுராதீங்க" என்று பால்துரை அவர் மணிக்கட்டைத் தாங்கினார். கீழே சிவசுப்பு அண்ணாச்சி நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, இருக்கிற எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மாடியிலிருந்து முதலில் ஒரு குதிகால் செருப்பு உருண்டு வந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. அப்புறம் மல்லிகா வெறுங்காலோடு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டுக்குக் காத்திராமல் இரண்டு இரண்டு படியாகத் தடதடவென்று இறங்கி வந்தாள். ரவியின் கையிலிருந்த பூங்கொத்தை நிமிர்த்தி வைத்தாள், கோட்டுத் தோளை இழுத்துச் சரி செய்தாள், அவன் முகத்தை ஒருமுறை பக்கத்தில் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையை ஆட்டினாள். ஆண்டு விழா வந்தது, அம்மா சிரித்தாள், எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் மனப்பாடமான படத்தைப் பார்க்கக் கண் என்னத்துக்கு, ஊர் கலங்கலிலேயே அழுது, கலங்கலிலேயே சிரித்து, சுபத்துக்கு எழுந்து நின்று கைதட்டியது.

மைனஸ் பதினொன்று லென்ஸைப் பால்துரை மெஷினுக்கு முன்னால் கம்பி வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு மல்லிகா கண்ணாடியை வீசவில்லை, கழற்றித் தோழியிடம் பத்திரமாகக் கொடுத்தாள். புதுக் கண்ணாடி வேண்டியவர்கள் பெத்சாயிதா ஆப்டிகல்ஸுக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதே தடித்த கறுப்புச் சட்டத்தைத்தான் கேட்டார்கள், அவரும் தலையெழுத்தே என்று வரவழைத்து வைத்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் படம் விட்டு, ஏசுவடியானும் கிருபாவதியும் உப்பளத்து ரோட்டில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு தோளில் லென்ஸ் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார். மல்லிகா இறங்கிய வேகம் இன்னும் அவர் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது, அந்த வேகத்தில்தான் கேட்டார்.

"கிருபா, ஒண்ணு கேக்கேன். வேடிக்கை பேசாம நெசத்தச் சொல்லு. அன்னைக்கு நீ கண்ணாடி போட்டு என்னப் பாத்திருந்தா, சரின்னு சொல்லிருப்பியா?"

"பாத்தேனே" என்றாள் கிருபாவதி.

"எப்ப?"

"காப்பித் தட்டத் தூக்கதுக்கு முந்தி. கண்ணாடி போட்டுக்கிட்டு ஜன்னல்ல நின்னேன். நீங்க வேலி முக்குல நின்னு, அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, உங்க கண்ணாடியக் கழட்டிச் சட்டப் பைக்குள்ள போட்டீய. பெறவு எங்க வாசல விட்டுட்டு நேரா மாட்டுத் தொழுவுக்குள்ள போயி, பசுவக் கையெடுத்துக் கும்பிட்டு ஸ்தோத்திரம் சொன்னீய."

ஏசுவடியான் நடுரோட்டில் நின்றுவிட்டார். உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது என்று அவர் இத்தனை வருஷமாகப் பூட்டி வைத்திருந்த சங்கதி அது.

"மாட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்லுத மாப்பிள்ளைய விட்டுட்டு எவளாவது பேங்க்காரனுக்குக் காத்திருப்பாளா? சித்தி பிடுங்கல, நானேதான் கழட்டிக் குடுத்தேன். நீங்க கண்ணு தெரியாம வந்து நிக்கீய, நான் மட்டும் போட்டுக்கிட்டு வந்து பாத்தா நாயமா இருக்குமா?"

"அப்ப ஏன் எல்லார்ட்டயும் அப்பிடிச் சொன்ன?"

"உங்க குட்டு வெளிய வந்திரும்லா."

மறுபடி நடக்கத் தொடங்கினார்கள். ஏசுவடியானுக்கு மனது லேசாகி, அந்த லேசில் தானும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் மனிதனே இல்லை என்று பட்டது.

"எனக்கும் அன்னைக்கு ஒண்ணும் தெரியல கிருபா. ஆனா அந்த நீலச் சேலையில நீ கதவோரமா நின்ன அழகு மட்டும் தெரிஞ்சுது. அந்த நீலத்தப் பாத்துத்தான் சரின்னேன். இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்கி."

கிருபாவதி நின்று, தன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"நீலச் சேல எங்க சித்தி" என்றாள்.